12 அடிக்கு 9 அடியில் ஒரு தச்சுப் பட்டறை

அன்பின் ஐயா,

வீட்டில் நீங்களே செய்த புத்தக அலுமாரியைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்ததிலிருந்து எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாமான் அறை ஒன்று உண்டு, 12 அடிக்கு 9 அடி. அதைத் தச்சுப் பட்டறையாக்க யோசிக்கிறேன். கையில் இரண்டு இலட்சம் ரூபாய் இருக்கிறது. எந்த டேபிள் சோ (மேசையோடு சேர்ந்த மின்வாள்) வாங்கலாம்? முதல் வேலை, மகளுக்கு லாச்சி வைத்த படிப்பு மேசை ஒன்று.

வாசகர், வெள்ளவத்தை

அன்பின் தம்பி,

இப்போதைக்கு டேபிள் சோ வாங்காதீர்கள்.

பிளைவூட் தாள் ஒன்று 8 அடிக்கு 4 அடி. அதை நீளவாட்டில் அரிய வாளுக்கு முன்னால் 8 அடி வேண்டும், பின்னாலும் 8 அடி வேண்டும். உங்கள் அறையே 12 அடிதான். கதவைத் திறந்து முற்றத்துக்குத் தள்ளலாம் என்பீர்கள். மழை வந்தால்? நானும் இந்தக் கணக்கைப் போடாமல்தான் பழைய மெஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினேன். அறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. முதல் மழைக்காலத்திலேயே அதன் வார்ப்பிரும்புத் தட்டு முழுக்கத் துரு. கொஞ்சக் காலம் அதன்மேல் பழைய பேப்பர் அடுக்கி வைத்திருந்துவிட்டு, வாங்கிய விலையில் பாதிக்குத் தள்ளிவிட்டேன்.

எனக்கு உண்மையில் வேலை பழக்கியது மின்வெட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த நாட்களில்தான் மாமா வைத்துவிட்டுப் போன சீவுளியை எடுத்தேன். கண்ணாடித் துண்டொன்றில் தண்ணீர்ப் பேப்பரை, அதாவது நனைத்துத் தேய்க்கும் அரத்தாளை, ஒட்டி, அலகை அதில் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கினேன். முன்கை மயிரை மழிக்கிற அளவுக்குக் கூர் வந்த பிறகுதான் பலகையிலிருந்து சுருள் எழுந்தது. அதுவரை நான் மரத்தைச் சுரண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

ஆகவே முதலில் வேலை மேசை. பழைய வீடுகளை உடைத்து விற்கும் இடங்களில் கூரை வளையாக இருந்த பலா மரம் கிடைக்கும். ஆணிகளை ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டு வாங்குங்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம் போதும். எனக்கு அது 34 அங்குலம். கனமாக இருக்க வேண்டும், சீவும்போது நகரக்கூடாது. சுவரோடு போல்ட் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. பலகையை இறுக்கிப் பிடிக்க நல்ல வைஸ் ஒன்று, கைவாள், சீவுளி, மூன்று உளி, மூலைமட்டம், கிளாம்ப் ஆறேழு. இவற்றுக்குக் கொழும்பில் இரும்புச் சாமான் கடைகள் நிறைந்த பழைய சோனகத் தெருவில் ஒரு முற்பகல் நடந்தால் போதும். கிளாம்ப் ஆறேழு என்றேன், எத்தனை வாங்கினாலும் ஒன்று குறையும்.

பிளைவூட்டை விற்கிற கடையிலேயே அளவுக்கு அரிந்து வாங்கலாம். பலகையென்றால் மொறட்டுவைக்குப் போங்கள். அங்கே மரக்காலையில் வாங்கி, பக்கத்திலேயே கூலி கொடுத்து மெஷினில் சீவியெடுக்கலாம். முதல் வேலைக்கு மகோகனி சொன்னபடி கேட்கும். முதிரை அழகுதான், ஆனால் அதன் நார் இருபக்கமும் பின்னிக் கிடக்கும். உளி பழகாத கைக்கு வேண்டாம்.

இனி லாச்சி. என்னுடைய முதல் லாச்சியை ஒரு பெப்ரவரியில் செய்தேன், கொழும்பு காய்ந்து கிடக்கிற மாதம். இடைவெளியே தெரியாமல் பொருத்திவிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் இழுத்துக் காட்டினேன். ஒக்டோபர் மழையில் அது திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் பில், வீட்டு உறுதி எல்லாம். மேசையைத் தலைகீழாகப் புரட்டி, பின்பலகையைக் கழற்றித்தான் எடுத்தோம். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மரம் ஈரக்காற்றைக் குடித்தால் அகலவாட்டில் ஊதும், நீளவாட்டில் ஏறக்குறைய அசையாது. லாச்சியின் பக்கப்பலகைக்கு உயரம் என்று நாம் சொல்வதுதான் மரத்துக்கு அகலம். அதனால் மேல்பக்கம் ஒரு நாணயக் குற்றி தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள், காய்ந்த மாதத்தில் செய்தால் இன்னும் கொஞ்சம். வாங்கிய பலகையை உடனே வெட்டவும் வேண்டாம். இடையிடையே குச்சி கொடுத்து அடுக்கி, சில கிழமை அந்த அறைக் காற்றிலேயே கிடக்க விடுங்கள்.

உங்களுக்குக் கடற்காற்று வேறு. வேலை முடிந்ததும் இரும்புச் சாமான்களைத் தையல் மெஷின் எண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டிக்குள் வையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் கெட்டுப்போகும்.

கரண்ட் வேலையை நீங்களே செய்யாதீர்கள். எலக்ட்ரீசியனை வைத்து அறைக்குத் தனி லைன் இழுத்து, 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். அப்புறம் தூசி. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1995இல் வகைப்படுத்தியது. அரத்தாள் போடும்போது முகக்கவசம் இல்லாமல் நிற்கக்கூடாது, மகளை உள்ளே விடவும் கூடாது.

மொறட்டுவைக்குப் போக ரயில் வசதி, திரும்பிவரத்தான் சிக்கல். கால்களுக்கும் சட்டத்துக்குமான பலகையை அங்கேயே நாலடித் துண்டுகளாக வெட்டச் சொல்லுங்கள், திரீவீலருக்குள் அடங்கும். மேல்பலகைக்கு மட்டும் சின்ன லொறி பிடியுங்கள்.