சிந்தோக்கில் இடம் கிடைத்தால் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள்

கேள்வி: என் மகள் எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவ இறுதித் தேர்வு) முடித்து, அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கையைக் கவனிக்கும் யு.பி.யு. வழியாக விண்ணப்பித்தாள். கெடா மாநிலம் சிந்தோக்கில் இருக்கும் யு.யு.எம்.மில் (வட மலேசியப் பல்கலைக்கழகம்) கணக்கியல் படிக்க இடம் வந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், 3,000 வெள்ளி கொடுத்தால் பினாங்கு யு.எஸ்.எம்.முக்கே (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாற்றித் தருகிறேன், அதுவரை ஏற்காதீர்கள் என்கிறார். தாய்லாந்து எல்லைப் பக்கம் பெண் பிள்ளையை அனுப்பவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: அம்மா, மகளை இப்போதே யு.பி.யு. தளத்துக்குள் போய் இடத்தை ஏற்கச் சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். குறித்த கடைசி நாளுக்குள் ஏற்காவிட்டால், அவளே வேண்டாம் என்று சொன்னதாகத்தான் கணக்கு.

அந்தத் தெரிந்தவர் ஏன் ஏற்க வேண்டாம் என்கிறார்? ஏற்றுவிட்டால் உங்கள் பதற்றம் குறையும், அவருக்குப் பணம் வராது. யு.பி.யு.வில் தேர்வு மதிப்பெண்ணுக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு. இதில் தரகர் கை வைக்க இடமில்லை. இவர்கள் பத்துப் பேரிடம் பணம் வாங்குவார்கள். தன் மதிப்பெண்ணாலேயே யாருக்காவது நல்ல இடம் கிடைத்தால் 'நான் பேசி வாங்கியது' என்பார்கள். மற்றவர்களுக்கு 'மேலிடத்தில் ஆள் மாறிவிட்டார்' என்ற கதை. மகளின் அடையாள அட்டைப் படத்தையும் கடவுச்சொல்லையும் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். மேல்முறையீடு செய்வதென்றாலும் மாணவரே இணையத்தில் செய்கிற வேலைதான் அது.

உயர்கல்வி அமைச்சு மீதும் எனக்குக் கோபம் உண்டு. இடம் கிடைக்காத பிள்ளைக்கு வருத்தம் தெரிவித்து இரண்டு வரி வரும், காரணம் வராது. எந்தப் படிப்புக்கு எத்தனை புள்ளியில் கதவு மூடியது என்று நேராகச் சொல்லிவிட்டால், பாதித் தரகர்கள் வேறு பிழைப்பு பார்த்திருப்பார்கள்.

யு.யு.எம். என்றால் காட்டுக்குள் இருக்கும் இரண்டாம் தரம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 1984-இல் தொடங்கி, ஜித்ராவில் தற்காலிகமாக இயங்கி, 1990-இல் சிந்தோக்குக்குப் போன பல்கலைக்கழகம் அது. வளாகம் 1,061 ஹெக்டர். காடு உண்டு, குரங்கும் உண்டு. விடுதி ஜன்னலைச் சாத்தாமல் போனால் மேசையில் இருக்கும் ரொட்டி மிஞ்சாது. ஆனால் மேலாண்மைக் கல்விக்காகவே உருவாக்கியது அது. அதன் கணக்கியல் பட்டம் 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் ஏற்கும் பட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. பட்டத்தோடு மூன்று ஆண்டு வேலை அனுபவம் இருந்தால் பட்டயக் கணக்காளராகப் பதியலாம். உங்கள் மகளுக்கு இதுதான் முக்கியம்.

சரி, எல்லை. வளாகம் சோதனைச் சாவடியில் இல்லை; சாவடி இருக்கும் புக்கிட் காயு ஹீத்தாம் அங்கிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மகள் எல்லையைத் தாண்டாமலே பட்டம் வாங்கிவிட்டு வரலாம். ஆனால் தோழிகள் ஒரு வாரக் கடைசியில் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாய்லாந்து ஊரான டானோக் போகலாம் என்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இல்லாமல் எல்லை தாண்ட எல்லைப் பாஸ் என்று ஒன்று உண்டு. அது கெடா, பெர்லிஸ், கிளந்தான், பேராவின் எல்லையோரப் பகுதி ஆகியவற்றில் குடியிருப்பவர்களுக்கு. கெடாவில் படிப்பதால் மட்டும் பினாங்கு முகவரிக்காரருக்கு அது கிடைக்காது. தோழி பாஸ் காட்டிவிட்டுப் போவாள். உங்கள் மகளுக்குக் கடப்பிதழ் வேண்டும். 'கெடா முகவரி போட்டு எடுத்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால் அது பொய்த் தகவல், மாட்டுவது மகள்தான். அதோடு, 2025 மே முதல் கடப்பிதழில் தாய்லாந்து போகிறவர்கள் மின்னியல் வருகை அட்டையை முன்கூட்டியே நிரப்ப வேண்டும். அதிகாரபூர்வத் தளத்தில் அது இலவசம். சாலையோரம் மேசை போட்டுக் காசு கேட்பவர்கள் செய்வது ஐந்து நிமிட வேலை.

படிப்புக் கடனுக்கு பி.டி.பி.டி.என்.னில் (தேசிய உயர்கல்வி நிதிக் கழகம்) விண்ணப்பிக்கும் முன் மகள் பெயரில் அதன் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு திறந்திருக்க வேண்டும். அதையும் நீங்களே இணையத்தில் செய்யலாம். பாரம் நிரப்பித் தருகிறேன் என்று அதே ஆள் மறுபடி வந்து நின்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.