பதில்: எல்.எம். புல்தரையில் கிராப்கிராஸும் கோரையும்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டு முன்வாசலில் எல்.எம். புல் (புல்தரைக்கு நடும் படர்புல்), அங்கே கோடையான டிசம்பர் ஆனதும் கிராப்கிராஸ் என்ற களைப்புல்லும் கோரையும் மண்டுகின்றன, கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடித்ததில் நல்ல புல்லும் கருகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். கிளைஃபோசேட் பச்சையாக இருப்பதையெல்லாம் கொல்லும் மருந்து. புல்தரை நடுவே வேண்டவே வேண்டாம்.

கிராப்கிராஸ் ஒரு பருவத்துச் செடி. குளிர்காலம் முடிந்து மண் சூடேறும்போது முளைத்து, கோடை முழுக்கப் படர்ந்து, ஆயிரக்கணக்கில் விதை கொட்டிவிட்டுச் செத்துப்போகும். ஆகவே அடுத்த வருடத்து வேலை, குளிர்காலம் முடியும் ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். பென்டிமெத்தலின் போன்ற, களை விதை முளைத்து வராமல் தடுக்கும் மருந்தை டர்பன் பக்கம் ஆகஸ்ட் நடுவில் போட்டு, தண்ணீர் பாய்ச்சுங்கள். முளைத்த பிறகு போட்டால் காசுக்குத்தான் கேடு. சொட்டை விழுந்த இடத்தில் புதுப் புல் நடப்போகிறீர்கள் என்றால் அங்கே போடாதீர்கள், அதன் வேரையும் பிடிக்க விடாது. இப்போதைக்கு, மழை பெய்த மறுநாள், கதிர் வருவதற்குள் கையால் பிடுங்குவதே உத்தமம்.

கோரை வேறு கதை. தண்டை விரலில் உருட்டிப் பாருங்கள், முக்கோணமாக இருக்கும். பிடுங்கினால் கிழங்கு மண்ணுக்குள் தங்கி மறுபடி தலைகாட்டும். கடையில் ஹாலோசல்ஃபியூரான் என்ற கோரைக்கான களைக்கொல்லியைக் கேளுங்கள். லேபிளில் எல்.எம். புல்லுக்கு ஆகும் என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அப்புறம், புல்லை ஒட்ட வெட்டுவதை நிறுத்துங்கள். 5 சென்டிமீட்டர் உயரம் விட்டால் தரையில் வெயில் படுவது குறையும், களை விதையும் அவ்வளவாக முளைக்காது. வெட்ட வருகிறவர் முணுமுணுப்பார், பரவாயில்லை.