சோனியின் டிரினிட்ரான் தொலைக்காட்சியில் படம் ஏன் அவ்வளவு பிரகாசமாகத் தெரிந்தது?

டிரினிட்ரான் என்பது சோனி நிறுவனம் 1968இல் அறிமுகப்படுத்திய வண்ணப் படக்குழாய். மசாரு இபூகாவும் அகியோ மொரிட்டாவும் 1946இல் டோக்கியோவில் தொடங்கிய இந்நிறுவனம், அதற்கு முன் குரோமட்ரான் என்ற வேறொரு குழாயில் பெரும் பணத்தை இழந்திருந்தது. அந்த நெருக்கடிதான் இபூகாவையே நேரடியாக ஆய்வுக்குழுவை வழிநடத்த வைத்தது என்று கருதலாம்.

அக்கால வண்ணத் தொலைக்காட்சிகளில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களுக்கான எலெக்ட்ரான் கற்றைகள் கலந்துவிடாதபடி, திரைக்குப் பின்னால் நுண்துளைகள் கொண்ட உலோகத் தகடு வைக்கப்பட்டிருந்தது. கற்றைகளின் பெரும்பகுதி இத்தகட்டிலேயே மோதி வீணானதால் படம் மங்கலாகத் தெரிந்தது. சோனி துளைகளுக்குப் பதிலாக, மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகப் பட்டைகளை வைத்தது. துளையிட்ட இரும்புத் தகட்டால் அடைத்த ஜன்னலைவிட, செங்குத்துக் கம்பிகள் மட்டும் உள்ள ஜன்னல் வழியே அதிக வெளிச்சம் வருவதைப் போன்றது இது. பட்டைகள் நேராக நிற்க வேண்டியிருந்ததால், திரையும் மேலிருந்து கீழாக வளைவின்றி, உருளையின் ஒரு துண்டுபோல அமைந்தது. மூன்று கற்றைகளையும் ஒரே எலெக்ட்ரான் துப்பாக்கி அனுப்பியது இன்னொரு புதுமை. அமெரிக்கத் தொலைக்காட்சித் துறை 1973இல் இதற்கு எம்மி விருதே அளித்தது.

வெண்மையான காட்சிகளில் திரையின் குறுக்கே தெரியும் மெல்லிய கோட்டைப் பழுது என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் அது, பட்டைகள் அதிராமல் இருக்கக் குறுக்கே கட்டப்பட்ட நுண்கம்பியின் நிழல்.