இடது கைக் குலுக்கல்

கேள்வி: 1986 கோடையில், கொடைக்கானல் சாரணர் முகாமில் எங்களைப் பார்த்துக்கொண்ட ஆசிரியரைத் தேடிப் போகலாமா? அவருக்கு என்னை ஞாபகம் இருக்குமா? (வாசகர், கரூர்)

பதில்: அநேகமாக இருக்காது. ஆனாலும் போங்கள்.

எனக்கும் அப்படி ஒரு சார் இருந்தார். அப்போது எனக்கு 11 வயது. ஏற்காட்டு முகாமில் முதல் ராத்திரியே அம்மாவை நினைத்து அழுதேன். சார் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஒரு கயிற்றைக் கையில் கொடுத்து, "பௌலைன் போட்டுட்டு அப்புறம் அழு" என்றார். இழுத்தாலும் இறுகாத வளையம் அது. ஆளைத் தூக்கி மீட்கப் போடும் முடிச்சு. விடியும்வரை எனக்கு வரவில்லை. அழவும் நேரமில்லை.

35 வருடம் கழித்துத் தேடினேன். பள்ளியில் யாருக்கும் தெரியவில்லை. ஓய்வூதியர் சங்கத்தில் கேட்டேன், அரை மணியில் முகவரி கிடைத்தது. உயிரோடு இருப்பதைக் காட்ட வருடாந்திர நேர்காணலுக்குக் கருவூலம் வருகிறவர்களை அவர்களுக்குத் தெரியாதா என்ன! நீங்களும் அங்கே கேளுங்கள். போவதற்கு முன் வீட்டாருக்குப் போன் செய்துவிடுங்கள். பொன்னாடையெல்லாம் வேண்டாம், கொஞ்சம் பழம் போதும்.

சாருக்கு என் பெயர், முகம், ஏற்காடு எதுவுமே நினைவில்லை. சரி, கிளம்பலாம் என்று எழுந்து, சாரணர் வழக்கப்படி இடது கையை நீட்டினேன். அவர் இடது கை தானாக வந்து என் கையைப் பிடித்தது. விடவில்லை. உள்ளே திரும்பி மருமகளிடம், "அந்தக் கொடிக்கயிற எடுத்துட்டு வாம்மா" என்றார்.

அன்றைக்கும் எனக்கு முடிச்சு வரவில்லை. நன்றாகத் திட்டினார்.