மூளை அலைப் பரிசோதனை – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் சுங்கை சிப்புட் டவுனுக்கு வந்துவிட்டோம். ஒரு வருடமாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். மூளை அலையை எடுத்துப் பார்த்தால் எந்த வகை மனச்சோர்வு என்று தெரிந்துவிடும் என்கிறார்கள் ஒரு தனியார் மையத்தில். காசு அதிகம். எடுக்கலாமா?

ச., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள ச.,

வேண்டாம். அந்தக் காசு கையில் இருக்கட்டும்.

ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலையை முதலில் பதிவுசெய்தது 1924இல். வலிப்பு நோய்க்கு அந்தக் கருவி இன்றும் பெரிய துணை. மனச்சோர்வில் கதை வேறு. நெற்றியின் இடப்பக்கம் ஆல்பா அலை (நொடிக்கு 8 முதல் 13 தடவை துடிப்பது) கூடியிருந்தால் அதுவே அடையாளம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நோய் உண்டா இல்லையா என்று சொல்லவே அது போதாது என்று ஆனது. அப்புறம் எங்கே வகை பிரிப்பது? கலர் கலராகப் படம் கொடுப்பார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

அலைகள் கொஞ்சம் உருப்படியாகப் பேசுவது தூக்கத்தில். கண்ணயர்ந்து சுமார் 90 நிமிடம் கழித்து வரவேண்டிய கனவுத் தூக்கம், மனச்சோர்வு உள்ள பலருக்கு முன்கூட்டியே வந்துவிடுகிறது. மெதுவான டெல்டா அலை ஓடும் ஆழ்ந்த தூக்கம் குறைகிறது. ஆனால் எல்லாருக்கும் இப்படி இல்லை. இதை வைத்தும் வகை சொல்ல முடியாது.

வகையை டாக்டர் பிடிப்பது கேள்வி கேட்டுத்தான். விடியுமுன் விழிப்பு, காலையில் மனம் மிகக் கனப்பது, நல்ல சேதிக்கும் முகம் மலராதது ஒரு வகை. அதிகம் தூங்கி, அதிகம் சாப்பிட்டு, நல்லது நடந்தால் சற்றுத் தெளிவது இன்னொன்று. முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தாரா என்றும் கேட்பார். மறைக்காதீர்கள், மருந்தே மாறும்.

தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்த பழக்கம் என்று நீங்களே சமாதானம் சொல்லிவிடாதீர்கள். அன்று எழுந்ததும் பசியாற ஏதாவது செய்திருப்பார். இன்று சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் அதைத்தான் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

அரசு கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். தைராய்டுக்கு ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே உள்ளே போங்கள். அம்மா இடுப்பு வலி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுவார். நடுவில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் எண் 15555. சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் காத்திருக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.