சிறு ஜவுளிக்கடைக்கு ரொக்கமா, கார்டு மெஷினா?

ஈரோட்டில் சிறு ஜவுளிக்கடை நடத்துபவர், ரொக்கமே போதுமா, கார்டு மெஷினும் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். 2020 ஜனவரி முதல் யூபிஐ, ரூபே டெபிட் கார்டு வரவுகளுக்கு வணிகர் கட்டணம் (கடைக்காரரிடம் வங்கி பிடித்துக்கொள்வது) கிடையாது. ஆனால் கிரெடிட் கார்டுக்குக் கட்டணம் உண்டு, அதற்கு உச்சவரம்பும் இல்லை. துண்டு, லுங்கி எடுப்பவர்கள் ஸ்கேன் செய்துவிட்டே போவார்கள் என்பதால், கல்யாண ஜவுளிக்குக் கிரெடிட் கார்டை நீட்டும் குடும்பங்கள் வந்தால்தான் மெஷினின் மாத வாடகை கட்டுப்படியாகும் என்பது என் கணிப்பு.

பலர் கவனிக்காதது வருமான வரி. உத்தேச லாப முறையில், அதாவது விற்பனையில் ஒரு சதவீதத்தையே லாபமாக வைத்து, கணக்குக் காட்டுபவருக்கு ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதமும், வங்கி வழி வரவில் 6 சதவீதமும் லாபமாகக் கொள்ளப்படுவதால், 10 லட்சம் ரூபாய் விற்பனையில் வரிக்குரிய லாபம் 20,000 ரூபாய் வேறுபடும். திங்கள் இரவு கூடும் ஜவுளிச் சந்தைக் கொள்முதலுக்கு மட்டும் ரொக்கம் கையில் இருக்கட்டும். பேரம் படிய அது உதவும்.