வீடு ஆடினதென்று கேட்ட பிள்ளைக்கு

பிள்ளை, இத்தாலியில், சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்திலிருந்து நீ அனுப்பின கேள்வி எனக்குத் திருகோணமலையில், என் அம்மாவின் விறாந்தையில் இருக்கும்போதுதான் கிடைத்தது. சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வருகிற நாட்கள். ஒழுங்கை முழுக்கத் தோரணம், படலைக்குப் படலை வாழை. உன் அம்மா எனக்குப் பக்கத்தில் இருந்து நிறைகுடத்துக்கு மாவிலை தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கிறா. நீ எழுதினதை அவவுக்கும் வாசித்துக் காட்டினேன், சுவர் வெடிப்பைப் பற்றின இரண்டு வரியை மட்டும் விட்டுவிட்டு.

நீ கேட்டது இதுதானே: "பெப்ரவரி 7ஆம் திகதி பின்னேரம் வீடு ஆடினது அன்ரி. படியால் இறங்கிப் பார்த்தால் கீழ்வீட்டு ஆக்கள் கதிரையும் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போகினம். எனக்குக் கால் தானாகவே மற்றப் பக்கம் ஓடிவிட்டது. வீடும் பழையது, சுவரில் வெடிப்பு. நகரத்துக்கு வெளியே புது அடுக்குமாடியில் ஒரு அறை இருக்குதாம். மாறட்டுமா?"

முதலில் உன் கால் ஓடினதைப் பற்றிச் சொல்லுகிறேன். அதற்கு நீ வெட்கப்படத் தேவையில்லை. 2004 மார்கழி 26இல் உனக்கு ஆறு வயது. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பத்திரகாளி அம்மன் கோயிலையும் தாண்டி ஓடினதை உன் அம்மா இப்போதுகூட என்னிடம் சொன்னா. அன்றைக்கு எங்கள் ஊரில் தரை ஆடினதாக எங்கள் ஒழுங்கையில் ஒருவருக்கும் நினைவில்லை. சுமாத்திராவுக்கு அருகே கடலுக்கு அடியில் நிலம் முறிந்து, ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தண்ணீர் இங்கே வந்தது. அந்தப் பூமியதிர்ச்சியின் அளவு 9ஐத் தாண்டினது. நீ பலேர்மோவில் உணர்ந்தது, அலிகூடித் தீவுக்கு அருகே வந்தது, 5ஐத் தொடவில்லை. இந்த அளவில் ஒரு எண் கூடினால் வெளிவருகிற சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அப்படிப் பார்த்தால் 2004இல் வந்தது இதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் பெரியது. நடுத்தர அதிர்ச்சிக்குக் கடல் எழும்பி வருவது மிக அரிது. என்றாலும் உன் காலுக்குத் தெரிந்ததை மறக்க வேண்டாம். ஆட்டம் பலமாகவும் நெடுநேரமும் இருந்தாலோ, கடல் உள்வாங்கினாலோ, ஒருவரையும் கேளாமல் மேட்டுக்கு ஓடு. மற்ற நேரத்தில் அந்தச் சனம் கடற்கரைப் புல்வெளிக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. தலைக்கு மேலே விழுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஃபோரோ இத்தாலிகோ என்கிற அந்தப் புல்வெளியின் கீழே கிடப்பது 1943 குண்டுவீச்சில் இடிந்த வீடுகளின் கல்லும் மண்ணும். முழு நகரமும் அள்ளிக்கொண்டுபோய்க் கடலோரம் கொட்டினது. எனக்கு அதில் நடக்கிற நேரமெல்லாம் எங்கள் திருகோணமலைக் கோட்டை வாசல் நினைவு வரும். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லால்தானே அந்தக் கோட்டையைக் கட்டினார்கள்.

இனி வீட்டுக் கதை. 2002 செப்டம்பர் 6, அதிகாலை 3.21 மணி. நான் பல்லரோ சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மூன்றாம் மாடியில் இருந்தேன். நானும் மனிசனும் ஒரு வயதுப் பிள்ளையும். இரண்டு நாளுக்கு முன்னர்தான், 4ஆம் திகதி, சாந்தா ரோசாலியாவின் திருநாள். முதல்நாள் இரவு வெறுங்காலோடு மோந்தே பெல்லெக்ரினோ மலை ஏறி இறங்கினதில் எனக்குக் கெண்டைக்கால் இன்னும் நொந்துகொண்டிருந்தது. 1624இல் அந்த மலைக் குகையில் எடுத்த எலும்புகளை ஊர்வலமாகக் கொண்டுவந்த பிறகு கொள்ளைநோய் தணிந்ததாகப் பலேர்மோ சனம் நம்புகிறது. எங்கள் ஆக்கள் சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று பாராமல் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மலை ஏறுவதை நீயும் இந்த ஆறு மாதத்தில் பார்த்திருப்பாய். உச்சியில் நின்று கடலைப் பார்த்தால் கோணேசர் கோயில் இருக்கிற எங்கள் சுவாமிமலையில் நிற்கிற மாதிரி ஒரு உணர்வு வரும்.

அன்றைக்கு முதலில் கேட்டது ஒரு இரைச்சல், பெரிய லொறி ஒன்று கட்டிலுக்குக் கீழாலே போகிற மாதிரி. பிறகு அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது. சுவாமிப் படம் ஒரு ஆணியில் சாய்ந்து தொங்கினது. கூரையிலிருந்து மஞ்சள் மணல், மா அரிக்கிற மாதிரி, பிள்ளையின் போர்வையில் விழுந்தது. பலேர்மோப் பழைய வீடுகளெல்லாம் அந்தச் சிப்பி கலந்த மஞ்சள் கல்லால் கட்டினவை. தேய்த்தால் விரலில் ஒட்டும். வெளியே ஓடுவோம் என்று எழும்பின மனிசனை நான்தான் பிடித்து நிறுத்தினேன். ஓடியிருந்தால் ஒழுங்கையில் நின்றிருப்போம். முன்வீட்டுப் பல்கணியின் கல் விளிம்பு அங்கேதான் விழுந்து கிடந்தது. இதை நன்றாக மனத்தில் வை. ஆடுகிற நேரம் உள்ளே, தடித்த சுவரில் இருக்கிற வாசல் நிலைக்குக் கீழே, அல்லது மேசைக்குக் கீழே நில். ஆட்டம் நின்ற பிறகு படியால் இறங்கி நேரே சதுக்கத்துக்குப் போ. ஒடுங்கின ஒழுங்கையில் பல்கணிக்குக் கீழே நிற்காதே.

அந்த அதிர்ச்சியின் அளவு 5.9. மையம் நகரத்துக்கு வடக்கே, கடலுக்கு அடியில். வீடு விழுந்து ஒருவரும் சாகவில்லை. பயத்தில் இதயம் நின்று இரண்டு பேர் போனார்கள். கடல் எழும்பி வரவில்லை.

நாங்கள் இறங்கினபோது கீழ்வீட்டுக் கிழவி ஏற்கெனவே சதுக்கத்தின் நடுவில் கதிரை போட்டு இருந்தா. இரவு உடுப்போடு, தோளில் ஒரு சால்வை. விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தா. முதலாம் மாடி நாலு பேர், இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிற தையற்காரர், மூன்றாம் மாடித் தமிழர் இரண்டரைப் பேர். அரை என்றது என் பிள்ளையை. தையற்காரரைக் காணவில்லை என்றதும் இரண்டு பொடியன்களை மேலே அனுப்பினா. அவர் கதவு இறுகித் திறக்க முடியாமல் உள்ளே நின்றிருந்தார். தீயணைப்புக்காரர் வருவதற்கு முன்னரே பொடியன்கள் கதவை உடைத்து அவரைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதற்கு முதல் அந்தக் கிழவியோடு நான் பன்னிரண்டு வருடத்தில் கதைத்தது "காலை வணக்கம்" மட்டும்தான். என் வேலை வீட்டு வேலை. விடியப் போனால் இருட்டத்தான் வருவேன், வந்து கதவைச் சாத்திவிடுவேன். ஆனால் அவ என்னை எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறா. மாலையில் படிவாசலில் கதிரை போட்டு இருக்கிற சனம், பல்கணியிலிருந்து கயிற்றில் கூடை இறக்கி மரக்கறி வாங்குகிற சனம், சந்தையில் தொண்டை கிழியக் கூவுகிறவன், எல்லாரையும் நான் அதுவரைக்கும் வேடிக்கை என்றுதான் நினைத்தேன். அவர்களுக்கு எந்த வீட்டில் எத்தனை மூச்சு என்று தெரியும்.

அன்று விடியும்வரை அவ 1968இன் கதையைச் சொன்னா. அந்த வருடம் தை மாதம் பெலிச்சே பள்ளத்தாக்கில் ஊர்களே தரைமட்டமான பூமியதிர்ச்சி. பலேர்மோவிலும் வீடுகள் வெடித்தன. போரில் இடிந்து திருத்தப்படாமல் இருந்த நடுநகரத்தை விட்டுச் சனம் போவதற்கு அது ஒரு காரணமாகிவிட்டது. 1951இல் ஒரு லட்சத்துக்கு மேல் ஆக்கள் இருந்த இடம், நாற்பது வருடத்தில் ஐந்திலொரு பங்காகச் சுருங்கினது. கிழவியின் தங்கச்சி குடும்பத்துக்கு நகரத்து வடபுறத்தில் புது வீடு கிடைத்தது. குளியலறை, மின்தூக்கி, வெளிச்சம், எல்லாம் இருந்தது. படிவாசல் மட்டும் இல்லை. சாகும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி, வெங்காயம் வாங்குகிற சாட்டில் பல்லரோவுக்கு வந்து போவாவாம். அப்படிக் காலியான அறைகளில்தான், வாடகை மலிவென்று, நாங்கள் வந்து குடியேறினோம். வங்காளதேசத்து ஆக்களும் கானாக்காரரும் அப்படித்தான். அந்த நடுநகரம் திரும்ப மூச்சு விட்டதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது பிள்ளை. அதை நான் பெருமையாகவே சொல்லுவேன்.

இத்தாலியிலேயே லாக்கிலா நகரத்தைப் பார். 2009 ஏப்ரல் 6இல் வந்த பூமியதிர்ச்சியில் 309 பேர் இறந்தார்கள். பழைய நடுநகரத்தை அடைத்துவிட்டுச் சனத்தைச் சுற்றிவர 19 புதுக் குடியிருப்புகளில் வைத்தார்கள். பாதுகாப்பான வீடுகள்தான். ஆனால் மாலையில் நடந்துபோய் நாலு பேரைக் காண ஒரு சதுக்கம் இல்லை. எங்களுக்கு இது புதிதில்லை. சுனாமிக்குப் பிறகு வடக்குக் கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். கடலைக் காணாத காணிகளில் போய் இருந்த எத்தனை மீன்பிடிக் குடும்பம் விடியக் காலமை வலையோடு நடையாய் நடந்தது என்று உன் மாமாவைக் கேட்டுப் பார்.

இதற்காக, வெடித்த சுவருக்குள்ளே கிட என்று நான் சொல்லவில்லை. வெடிப்பை ஒழுங்காகப் பார். மயிர் போல, மேல்பூச்சில் மட்டும் ஓடுகிறதென்றால் பெரிய விசயமில்லை. யன்னல் மூலையிலிருந்து சரிவாக ஓடி, கல்லையும் ஊடறுத்து, ஒரு காசைச் செருகக்கூடிய அகலம் இருந்தால் அது வேறு. அங்கத்தைய மேசன்மார் வெடிப்புக்குக் குறுக்கே ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் திகதி எழுதி வைப்பார்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் அசைகிறது என்று அர்த்தம். வெளியே வந்து சுவரை அண்ணாந்து பார். பெரிய இரும்புத் தட்டோ குறுக்குக் கம்பியோ தெரிந்தால், உள்ளே இரும்புத் தண்டு போட்டு எதிர்ச்சுவரோடு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். அது நல்ல வீடு. மொட்டை மாடியில் பிறகு ஒட்டுப்போட்டுக் கட்டின அறையென்றால், நீ கட்டாயம் மாறத்தான் வேண்டும். என்னுடைய முதல் வீட்டுக்காரர் வெடிப்புக்கு மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டு வாடகையும் கூட்டினவர். அப்படிப்பட்டவர் என்றாலும் மாறு.

வீடு எந்தத் தெருவில் என்பதையும் பார்க்க வேணும். பழைய பலேர்மோவின் இரண்டு பக்கமும் பப்பிரேத்தோ, கெமோனியா என்று இரண்டு ஆறுகள் ஓடினவை. 16ஆம் நூற்றாண்டில் அவற்றை மூடி மேலே தெருவும் வீடும் ஆக்கினார்கள். ஆற்று மண் நிரப்பின அந்த நிலம், பாறை நிலத்தைவிடக் கூட ஆடும். 1726, 1823, 1940, 1968, 2002, எந்த அதிர்ச்சியானாலும் கூடச் சேதம் அந்தப் பக்கங்களில்தான். உன் தெரு அதில் வருகிறதா என்று நான் வந்து பார்த்துச் சொல்லுகிறேன். மாறத்தான் வேணுமென்றாலும் நடுநகரத்துக்குள்ளேயே, மேட்டுப் பக்கமாக ஒரு வீடு பார்ப்போம். நகரத்துக்கு வெளியே அந்தப் புது அடுக்குமாடிக்கு நீ தனியாகப் போவதில் எனக்குச் சம்மதமில்லை. வேலை முடிந்து வருகிற கடைசிப் பஸ்ஸை நினைத்துப் பார்.

கட்டிலுக்கு மேலே பாரமான ஒன்றையும் கொழுவாதே. கட்டிலடியில் சப்பாத்து வை, இரவில் கண்ணாடி மிதிக்காமல் இருக்க. பாஸ்போட்டும் பெர்மெசோவும் (வதிவிட அனுமதி) ஒரே பையில், கதவுக்குப் பின்னால் இருக்கட்டும். இறங்குமுன் காஸைப் பூட்டு. அவசரத்துக்கு 112.

உன் அம்மா இப்போது ஒரு கதை சொல்லுகிறா. 2018 செப்டம்பரில் ஒருநாள் நடுச்சாமம் கழிய இங்கேயும் ஒரு சின்ன ஆட்டம். பாத்திரம் குலுங்கினதாம், நாய்கள் ஊளையிட்டதாம். எல்லாரும் ஒழுங்கைக்கு வந்து நின்று, "ஆர் இன்னும் வரேல்லை?" என்று கேட்டுக் கேட்டு, மூலை வீட்டு வாத்தியாரைத் தட்டி எழுப்பிக் கூட்டிவந்த பிறகுதான் போய்ப் படுத்தவையாம். அந்த வாத்தியாருக்குக் காது கேட்காது என்று ஒழுங்கை முழுக்கத் தெரியும். உன் பலேர்மோ வீட்டில் உனக்கு மேலே இருக்கிறவருக்குக் காது கேட்குமா? நீ எழுதினதில் கீழ்வீட்டு ஆக்கள், மேல்வீட்டு ஆக்கள் என்றுதான் இருக்கிறது. ஒரு பெயரும் இல்லை.

இத்தாலியன் சரியாக வராது என்று தயங்காதே. எனக்கும் வரவில்லை. அந்த இரவுக்கு அடுத்த கிழமை நான் ஒரு தட்டில் பத்து வடை சுட்டுக்கொண்டு கிழவியின் கதவைத் தட்டினேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, தாங்கள் கடலைமாவில் பொரிக்கிற பனெல்லேயின் தங்கச்சி இது என்றா. அன்றிலிருந்து அவ சாகும்வரை ஒன்பது வருடம், என் பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து நான் வரும்வரை இருந்தது அவவின் குசினியில்தான்.

மேளச் சத்தம் கேட்கிறது, கோணேசர் மத்திய வீதிக்குத் திரும்பிவிட்டாராம். அம்மா விளக்கை ஏற்றச் சொல்லிக் கூப்பிடுகிறா. உன் அம்மா மிளகாய்த்தூளும் ஒடியலும் தந்துவிட்டிருக்கிறா, வடைக்கு உழுந்தும். மார்ச் நடுப்பகுதியில் வந்ததும் உன் படியேறி வருகிறேன், வெடிப்பைப் பார்ப்போம். அதற்குள் கீழ்வீட்டு அம்மாவின் பெயரைக் கேட்டு வை.